தனுஷ்கோடிக்கு எந்த கேமரா?

மெகாபிக்சலைப் பார்த்து வாங்காதீர்கள். 1 அங்குல சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), 24–200 மி.மீ. ஜூம் (எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்), வியூஃபைண்டர் (கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் சிறு சாளரம்) மூன்றும் இருந்தால் போதும். உச்சிவெயிலில் பின்திரை சரியாகத் தெரியாது, அதற்குத்தான் வியூஃபைண்டர். கோதண்டராமர் கோயில் பக்கம் குளிர்காலத்தில் வரும் பூநாரைகளுக்கு மட்டும் 400 மி.மீ.க்கு மேல் வேண்டும்.

லென்ஸ் மாற்றும் கேமரா இங்கே வேண்டாம் என்பேன். தனுஷ்கோடியின் கோடியில் உள்ள அரிச்சல்முனைக் காற்றில் லென்ஸைக் கழற்றினால் மணல் நேரே சென்சாருக்குப் போகும். கேமராவோடு சேர்ந்தே இருந்து, போட்டதும் வெளியே நீளும் லென்ஸிலும் ஆபத்து உண்டு: அணைக்கும்போது குழலில் ஒட்டிய மணலும் உள்ளே இழுபட்டு மோட்டார் சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில் ஊதுபந்தால் (அழுத்தினால் காற்றடிக்கும் ரப்பர் பந்து) ஊதுங்கள், பிறகு அணையுங்கள். மணலோடு துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல்தான். கேமராவின் உடலில் படியும் உப்பை அன்றிரவே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

வெண்மணல் படத்தை நிறைத்தால் கேமரா அதை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 கூட்டுங்கள்.