காஞ்சனபுரி பாலம்

போன வாரம் தாய்லாந்தில் காஞ்சனபுரி போயிருந்தேன், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் போர்க்கைதிகளை வைத்துத் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குக் கட்டிய மரண ரயில்பாதையைப் பார்க்க. பாலத்தில் ஒரே செல்ஃபி கூட்டம். தண்டவாளத்துக்கு நடுவே இரும்புத் தகடு போட்டிருக்கிறார்கள், அதன்மேல் நடக்கலாம், ரயில் வந்தால் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன மேடையில் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் பாதுகாப்பு. வளைவாக இருக்கும் இரும்புச் சட்டங்கள்தான் பழையவை. நடுவில் நேராக இருப்பவை குண்டுவீச்சில் விழுந்ததால் பிறகு மாற்றியவை. இன்னொரு வேடிக்கை, இந்தப் பாலத்தை வைத்து எடுத்த ஒரு ஹாலிவுட் படத்தைப் பார்த்துவிட்டு ஆட்கள் 'குவாய் நதி' எங்கே என்று தேடி வர ஆரம்பித்ததும், 1960களில் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள்!

அப்புறம் அதே பாதையில் ரயிலேறி தாம் கிராசே என்ற இடத்துக்குப் போனோம். மரக்கால்கள்மேல் பாறையை ஒட்டி ஊர்கிறது ரயில், ஒரு பக்கம் கையை நீட்டினால் பாறை, மறுபக்கம் கீழே ஆறு. இரண்டு முனையிலிருந்தும் போட்டுவந்த 415 கிலோமீட்டர் பாதையை 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள், ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. எப்படி என்று கேட்டால், செத்தவர்கள் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

காஞ்சனபுரி ஊருக்குள் இருக்கும் போர்க்கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகள். ஒவ்வொருவருக்கும் பெயர், படைப்பிரிவு, வயது பொறித்த தகடு, வெட்டிவிட்ட புல். 22, 24 என்று வயதைப் படித்துக்கொண்டே நடந்தேன். சரி, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்த நம் ஆட்கள் எங்கே? கைதிகளைவிடப் பல மடங்கு செத்தது ஆசியத் தொழிலாளர்கள்தான், காலராவில் கொத்துக் கொத்தாக, அதில் தமிழர்கள் பல்லாயிரம். அந்த வரிசைகளில் ஒரு முனியாண்டியோ மாரியம்மாவோ கிடையாது. வாசலில் இருந்த பதிவேட்டில் என் பெயரைத் தமிழில் எழுதிவிட்டு வந்தேன்.