நாதெல்லா கைவிட்ட போன்

சத்ய நாதெல்லா என்று வந்துவிட்டால் மச்சானுக்கும் எனக்கும் கல்லடித் தேத்தண்ணிக் கடையில் வாக்குவாதம்தான். மைக்ரோசொப்டைத் தூக்கி நிறுத்தியவர் என்கிறான் அவன். பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2014 பெப்ரவரியில் அதன் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பெடுத்தவர், விண்டோஸையே கட்டிப்பிடித்துக்கொண்டிராமல் அசூர் என்ற கிளவுட் சேவையின் பக்கம் நிறுவனத்தைத் திருப்பினார். 2018இல் மென்பொருள் எழுதுபவர்கள் கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தை 750 கோடி டொலருக்கு வாங்கியதும் நல்ல முடிவுதான்.

ஆனால் போன்? நொக்கியாவின் போன் பிரிவை வாங்கத் தீர்மானித்தது அவருக்கு முன் தலைமையில் இருந்த ஸ்டீவ் பால்மர், சரி. 2015இல் 760 கோடி டொலரை நட்டத்தில் எழுதி, 7,800 வேலைகள் வரை வெட்டியது நாதெல்லா. விண்டோஸில் ஓடிய லூமியா போனின் அந்த மஞ்சள் முதுகும், தவறிய அழைப்புகளை முகப்பிலேயே எண்ணிக் காட்டும் சதுரங்களும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. மலிவான போனிலும் வழுக்கிக்கொண்டு ஓடும்!

மட்டக்களப்பில் எத்தனையோ பிள்ளைகள் முதலில் தொடும் கொம்பியூட்டர் போன்தான். அந்த இடத்தை விட்டுக்கொடுத்த பிறகு, கோபைலட் என்ற ஏஐ உதவியாளரை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஆண்ட்ரொயிட், ஐபோன் வாசலில்தான் அது காத்து நிற்க வேண்டும். மச்சான் உடனே ஷேர் விலைக்குத் தாவுவான். போனை விட்டு விலகியதை வேறு விதமாகக் கையாண்டிருக்கலாம் என்று நாதெல்லாவே 2023இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதற்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை.