பெரியப்பாவின் நாணயங்களும் சென்னைக் காற்றும்: எதை வாங்கினேன், எதைத் தவிர்த்தேன்

பெரியப்பா சேர்த்து வைத்திருந்த நாணயங்கள் போன வருஷம் என் பொறுப்புக்கு வந்தன. விக்டோரியா ராணி, எட்வர்டு, ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள், ஒரு டப்பா நிறைய ஓட்டைக் காலணா, 1957க்கு அப்புறம் வந்த நயா பைசாக்கள், அலுமினியச் சில்லறை, ராஜராஜன் காலத்துச் செப்புக்காசு கொஞ்சம். பாதி ஆல்பத்தில், பாதி மஞ்சள் துணி முடிப்பில். எங்கே விசாரித்தாலும் "குளுமையா, ஈரமில்லாத இடத்துல வைங்க" என்கிறார்கள். நான் இருப்பது திருவான்மியூரில், கடலுக்குப் பக்கத்தில். ஜன்னல் கம்பி வருஷா வருஷம் பெயின்ட் கேட்கும். ஈரமில்லாத இடத்துக்கு எங்கே போவது? அதனால் இதே மாதிரி ஊரில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஆல்பம். பக்கங்கள் எல்லாம் மெத்தென்று வளையும் பிளாஸ்டிக், திறந்தால் புது ரெயின்கோட் வாசனை. உள்ளே இருந்த செப்புக் காசுகளில் பச்சையாக, பிசுபிசுவென்று ஒன்று ஒட்டியிருந்தது. சாதாரணமாகச் செம்பில் பிடிக்கும் களிம்பு உலர்ந்துதான் இருக்கும், தொட்டால் கையில் ஒட்டாது. இது ஒட்டியது. பிவிசி பிளாஸ்டிக்கை வளைய வைப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் மாதிரியான ரசாயனம் காலப்போக்கில் வெளியே கசியும், பிவிசியும் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும், இரண்டும் சேர்ந்து செம்பை அரிக்கும். வெள்ளி ரூபாய்களிலும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. 1940க்கு முந்தைய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அவை கொஞ்சம் கறுத்ததோடு சரி. போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் வெள்ளி பாதிதான், 40 சதவீதம் செம்பு. பச்சை பிடித்த ரூபாய் எல்லாம் அந்த ரகம்.

கடைக்காரர்கள் எல்லா ஆல்பத்தையும் "பிவிசி இல்லாதது சார்" என்றுதான் சொல்வார்கள். நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். வேதியியல் லேபில் பெயில்ஸ்டைன் சோதனை என்பார்கள்: செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, ஒட்டிய துணுக்கோடு மறுபடி தீயில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது, நாணயப் பக்கங்களைப் பொறுத்தவரை அதற்கு பிவிசி என்று அர்த்தம். கரன்ட் ஒயரை உரித்துக் கம்பி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த ஒயரின் மேலுறையே பிவிசிதான். வெறும் கம்பியைக் காய்ச்சிப் பச்சை சுத்தமாக நின்ற பிறகே பிளாஸ்டிக்கைத் தொட வேண்டும். மொட்டை மாடியில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. பெரியப்பாவின் ஆல்பத்தில் இருந்து ஓர் ஓரத்தை வெட்டிக் காட்டியதும் சுடர் மரகதப் பச்சையாக எழுந்தது. புதிதாக வாங்கிப் பார்த்ததில் மொடமொடவென்று விறைப்பாக இருந்த பக்கங்கள் தேறின, தழைந்து வளைந்தவை தேறவில்லை. டப்பாக்களுக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம், அடியில் இருக்கும் முக்கோணத்துக்குள் எண் பார்த்தாலே போதும். 1 என்றால் பெட் (PET, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), 2 பாலித்தீன், 5 பாலிபுரொப்பிலீன். மூன்றும் நாணயத்துக்குச் சரி. 3 பிவிசி, வேண்டாம்.

பிசுபிசுப்பை எடுக்கச் சுத்தமான அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் கூடாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் விற்கும் ஒரு கடையில் கேட்டேன். "எதுக்கு சார்?" என்று ஏற இறங்கப் பார்த்தார், பழைய காசு கழுவ என்றதும் "எங்க தாத்தா வீட்லயும் இருக்கு சார், ஜார்ஜ் காசு, என்ன விலை போகும்?" என்று ஆரம்பித்துவிட்டார். மூடி போட்ட கண்ணாடி ஜாடியில்தான் ஊற்ற வேண்டும், சில பிளாஸ்டிக் கரைந்துவிடும். பக்கத்தில் விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது. காசை உள்ளே போட்டுக் கொஞ்ச நேரத்தில் விளிம்பில் இருந்து பச்சை படலம் சுருண்டு கிளம்பும், குலுக்கினால் இழை இழையாகப் பிரியும். தேய்க்கக் கூடாது, புது அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி எடுத்துத் தானாகக் காய விட வேண்டும். அசிட்டோன் உலோகத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் அமிலம் ஏற்கெனவே தின்ற இடம் திரும்பி வராது. ஒரு காலணாவில் எழுத்து இருந்த இடம் முழுக்க ஊசியால் குத்தியது போலப் பொடிப் பள்ளம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "எதுக்குடா இவ்வளவு கஷ்டம், புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடாதா?" என்றார். ஆகும், பளபளவென்றுதான் ஆகும். புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் பொடி எல்லாமே மேல்தோலைச் சுரண்டிவிடும், அப்புறம் எந்தச் சேகரிப்பாளரும் பழைய விலைக்குத் தொட மாட்டார். பெரியம்மா இன்னும் நம்பவில்லை, அது வேறு கதை.

அடுத்தது எந்தக் காசை எதில் வைப்பது. எல்லாவற்றுக்கும் அக்ரிலிக் கேப்ஸ்யூல் (ஒரு காசை மட்டும் வைத்து மூடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் சிமிழ்) வாங்கப் பணம் போதாது, தேவையும் இல்லை. 1911ல் அடித்த வெள்ளி ரூபாய் போன்ற சிலவற்றுக்கு மட்டும் வாங்கினேன். ஜார்ஜ் மன்னரின் அங்கியில் பதித்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி வாபஸ் வாங்கிய நாணயம் அது, அடுத்த வருஷமே யானையைத் திருத்தி அடித்தார்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் குட்டைத் துதிக்கையோடு, எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரிகிறது. கேப்ஸ்யூல் வாங்கும் முன் அளக்க வேண்டும். வெள்ளி ரூபாயின் விட்டம் 30.5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது, 31க்குச் செய்தது கச்சிதம். 32ல் போட்டால் உள்ளே லொடலொடவென்று ஆடி விளிம்பு தேயும். கறுப்பு ஃபோம் வளையம் வைத்து எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கும் கேப்ஸ்யூலை நான் எடுக்கவில்லை, அந்த ஃபோமில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அளக்கும் காலிப்பரும் பிளாஸ்டிக் வாய் வைத்ததாக வாங்குங்கள், இரும்பு வாய் அலுமினியப் பைசாவில் உடனே கீறல் போடும்.

மற்றவை எல்லாம் நடுவில் மைலார் (மெல்லிய, தெளிவான பாலியஸ்டர் தாள்) ஜன்னல் வைத்த அட்டை ஃப்ளிப்பில் போயின. இரண்டு அங்குலச் சதுரம், நடுவே காசை வைத்து மடித்து நான்கு பக்கமும் ஸ்டேப்ளர் அடிப்பது. பசை வைத்து ஒட்டும் ரகமும் உண்டு, சித்திரை வெயிலில் பசை இளகி ஓரத்தில் கசிவதைத் தெரிந்தவர் வீட்டில் பார்த்ததால் அந்தப் பக்கம் போகவில்லை. ஸ்டேப்ளர் பின்னின் வளைந்த முனையைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஃப்ளிப்பின் மைலாரைக் கிழித்து உள்ளே இருக்கும் காசைக் கீறும். விவரத்தைக் காசை வைப்பதற்கு முன்னால் அட்டையில் எழுதிவிட வேண்டும். சதுர ஒரு பைசாவும் அறுகோண மூன்று பைசாவும் மூலைக்கு மூலை அளந்து, ஒரு சுற்றுப் பெரிய ஜன்னலாக எடுத்தால் மைலார் கிழியாது.

கையுறை பற்றிக் கேட்பவர்களுக்கு: பருத்திக் கையுறையில் காசு வழுக்கி விழும், நான் போடுவதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, கீழே தடிமனான துண்டு விரித்து, விளிம்பை மட்டும் பிடித்தால் போதும்.

இத்தனையும் செய்து திறந்த அலமாரியில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. பணத்தில் பெரும்பகுதியைக் காற்றுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார உலர் அலமாரி நல்லதுதான், விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ரப்பருக்குப் பதில் சிலிக்கோன் வளையம் வைத்து நாலு பக்கமும் கிளிப் போடும் பாலிபுரொப்பிலீன் டப்பா, உள்ளே துணிப்பையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், ஒரு சின்ன ஈரப்பத மானி. இவ்வளவுதான். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு, அது நச்சு. ஆரஞ்சு வாங்கினேன், ஈரம் ஏறினால் பச்சையாகும். மானியை அப்படியே நம்பக் கூடாது. ஒரு மூடியில் உப்பை ஈர மணல் பதத்தில் குழைத்து, மானியோடு டப்பாவில் மூடி ராத்திரி முழுக்க வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 79 காட்டியது, அதனால் எப்போதும் நாலைக் கழித்துப் படிக்கிறேன். இப்போது டப்பாவுக்குள் 40க்குக் கீழே நிற்கிறது.

டப்பா இருப்பது இரும்பு பீரோவில். பிளைவுட் அலமாரி அமில ஆவி விடும், அதில் வேண்டாம். பீரோவில் இருந்த அந்துருண்டைகளை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டேன், பட்டுப்புடவைக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். ரப்பர் பேண்டு, செய்தித்தாள் இரண்டிலும் கந்தகம் உண்டு. துணி முடிப்பில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்த ரூபாய் அடுக்கில், ரப்பர் பட்ட இடம் மட்டும் கறுப்புக் கோடாக இருந்தது.

ராஜராஜன் காசுகளைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். ஒருபக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், தேய்ந்து போனாலும் அடையாளம் தெரியும். அவற்றில் இரண்டில் வெளிர்பச்சை மாவு பூத்திருக்கிறது, குச்சியால் தொட்டால் உதிர்கிறது. செம்புக்குள் புகுந்த குளோரைடு ஈரம் கிடைத்தால் இப்படித்தான் உள்ளே இருந்து தின்றுகொண்டே வரும், அசிட்டோன் இதற்கு ஒன்றும் செய்யாது. காசு காய்ந்தே இருந்தால் அடங்கிக் கிடக்கும், அதனால் இந்த டப்பாவில் மட்டும் ஜெல் இரண்டு மடங்கு. ரசாயன வைத்தியத்தை நான் கையில் எடுப்பதாக இல்லை, தொல்பொருள் பாதுகாப்பு தெரிந்த யாரிடமாவது காட்ட வேண்டும்.

ஜெல்லைச் சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய வாணலியில், சிறுதீயில் கிளறிக் கிளறி உலர்த்துகிறேன், தீ அதிகமானால் மணி வெடித்து நிறம் போய்விடும். கோடையில் எப்போதாவதுதான் தேவைப்பட்டது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் அடிக்கடி பச்சையாகிவிட்டது, அதனால் இரண்டு செட் வாங்கி ஒன்றை எப்போதும் உலர்த்தி மூடிய பாட்டிலில் தயாராக வைத்திருக்கிறேன்.