ஒரே கிளிக்: அமேசான் காப்புரிமையோடு ஒரு வாரம்

மார்ச் 3, 2025, திங்கள்

அமெரிக்கக் காப்புரிமை எண் 5,960,411. அமேசானின் ‘ஒன் கிளிக்’: ஒரே அழுத்தலில் பொருளை வாங்கும் முறை. விண்ணப்பித்தது 1997 செப்டம்பரில், கிடைத்தது 1999 செப்டம்பரில். “இதுக்கெல்லாமா காப்புரிமை?” என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்று பழகிப்போனதால் அப்படித் தோன்றுகிறது. 1997-இல் இணையக் கடை கட்டிக்கொண்டிருந்த சராசரி புரோகிராமருக்கு, அன்று கையில் இருந்ததை வைத்து இது எளிதில் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்றால் காப்புரிமை கிடையாது. கேட்க வேண்டியது அதைத்தான்.

மார்ச் 4, செவ்வாய்

முதல் கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கோருகிறார்கள் என்று சொல்லும் பத்தியை, வரி வரியாகப் பிரித்தேன். பொருளின் விவரம் திரையில் வரும். வாங்குபவர் ஒரே ஒரு செயல் செய்வார். அவருடைய அடையாளத்தோடு கோரிக்கை சர்வருக்குப் போகும். சர்வர் ஏற்கெனவே சேமித்த விவரங்களை எடுத்து ஆர்டர் போடும். ஷாப்பிங் கார்ட் கிடையாது. வாங்குபவரை அடையாளம் காட்டும் குக்கீ, சேமித்த முகவரி, கார்டு எண் எல்லாம் அன்றே இருந்தவை. புதிதாக மிஞ்சுவது அந்த ‘ஒரே செயல்’ மட்டும்தான்.

மார்ச் 6, வியாழன்

இந்தக் காப்புரிமையை மீறியதாகப் போட்டிப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது அமேசான் போட்ட வழக்கின் 2001 மேல்முறையீட்டுத் தீர்ப்பு. கீழ் நீதிமன்றம் எதிராளிக்குத் தடையாணை போட்டிருந்தது. இன்று முழுக்க இதிலேயே போனது, அவ்வளவு அருமை!

செயலை எங்கிருந்து எண்ணுவது? பொருளின் விவரம் திரையில் வந்த பிறகுதான் என்றது நீதிமன்றம். அப்படி எண்ணினால் எதிராளியின் ஒரே கிளிக் வசதியான ‘எக்ஸ்பிரஸ் லேன்’ கிளெய்முக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அதே கணக்கில் 1990-களின் நடுவில் வந்த, கம்ப்யூசர்வ் என்ற சந்தா கணினிச் சேவையின் ‘டிரெண்ட்’ வசதியும் உள்ளே வருகிறது. அதில் பங்கு விலை வரைபடத்துக்கு ஒரு பொத்தான், அதன் மேலேயே விலை: 50 சென்ட். அழுத்தினால் வரைபடம் வரும், சந்தாதாரர் கணக்கில் காசு ஏறும். அது வலைத்தளம் இல்லையே என்று கீழ் நீதிமன்றம் ஒதுக்கியிருந்தது. அப்படி ஒதுக்கியது தவறு என்றார்கள் மேலே. காப்புரிமை மீறப்பட்டதா என்பதற்கு ஓர் அளவு, அது செல்லுமா என்பதற்கு வேறு அளவு என்று வைக்க முடியாது.

இன்னொன்று. எதிர்த்தரப்பு நிபுணரே தனக்கு இந்த யோசனை வந்ததில்லை என்று ஒப்புக்கொண்டது கீழ் நீதிமன்றத்துக்குப் பெரிதாகப்பட்டது. ஒரு தனி ஆளுக்குத் தோன்றவில்லை என்பது பொருட்டல்ல, அளவுகோல் துறையின் சராசரி ஆள்தான் என்று மேல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. மிகச் சரி.

மார்ச் 9, ஞாயிறு

தடையாணை நீங்கியதே தவிர, காப்புரிமை செல்லாது என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை, 2002-இல் சமரசமாகிவிட்டது. பிறகு காப்புரிமை அலுவலகத்தின் மறுபரிசீலனையில் அமேசான் கிளெய்மைச் சுருக்கி, ஷாப்பிங் கார்ட்டும் இருக்கும் தளம் என்று சேர்த்ததும், 2010-இல் அமெரிக்க அலுவலகம் ஏற்றது. ஐரோப்பாவில் அமேசானின் விண்ணப்பத்தை 2011 ஜனவரியில் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழு மறுத்தது.

நான் ஐரோப்பியர் பக்கம். கார்ட் அன்று எல்லாக் கடையிலும் இருந்தது. அதன் பக்கத்தில் டிரெண்ட் மாதிரி ஒரு பொத்தானை வைக்கப் பெரிய தொழில்நுட்பத் தடை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அமேசான் துணிந்து செய்தது நல்ல வியாபார முடிவு. அதற்குப் பலன் விற்பனையில் கிடைக்கட்டும். மற்றக் கடைகள் அந்தப் பொத்தானை வைக்கவே கூடாது என்று தடுக்கும் உரிமையாக அது மாறியிருக்கக் கூடாது.