பெயரில் வரும் சாய்கோடு

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு வெப்சைட் செய்து தருகிறேன். கோயில் கமிட்டி, டியூஷன் சென்டர், செம்பனைக்கு உரம் விற்கும் கடை, இவர்கள்தான் நம் வாடிக்கையாளர்கள். எல்லாவற்றிலும் பெயர் கேட்கும் ஃபார்ம் ஒன்று இருக்கும். உதவிக்கு வரும் தம்பி அந்தக் கட்டத்தில் எழுத்து தவிர வேறு எதுவும் போகாதபடி பூட்டியிருந்தான். "இப்படிப் போட்டா ஹேக் பண்ண முடியாதுண்ணே" என்றான். "ஏ/எல் இருக்கிற உன் பேரே உள்ளே போகாதேடா" என்றேன். ஏ/எல் என்றால் மலாயில் 'இன்னாரின் மகன்'. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், சாய்கோட்டோடுதானே இருக்கிறது!

வெப்சைட் எழுதும் மொழியான பிஎச்பியும் ஒரு காலத்தில், வருவதை வாசலிலேயே மாற்றிவிட்டால் போதும் என்று இப்படித்தான் நினைத்தது. மேஜிக் கோட்ஸ் என்ற வசதி, வருகிற மேற்கோள் குறிக்கெல்லாம் முன்னால் ஒரு பின்சாய்கோட்டைத் தானாகச் செருகிவிடும். டி'குரூஸ் என்று பெயருள்ளவர் பாவம், கவனிக்காமல் விட்டால் திருத்தும்போதெல்லாம் கோடு கூடிக்கொண்டே போகும். 2012-இல் 5.4 பதிப்பில் அதைத் தூக்கியே விட்டார்கள். உள்ளே வருவதை வந்தபடி வைத்துக்கொள்வது, டேட்டாபேஸுக்கு அனுப்பும்போது கட்டளையோடு ஒட்டாமல் தனி மதிப்பாக அனுப்புவது, பக்கத்தில் காட்டும்போது எஸ்கேப் செய்வது (குறிகளை நிரலாக எடுக்காமல் வெறும் எழுத்தாகக் காட்ட வைப்பது): எனக்குச் சரியென்று படுவது இதுதான். வெப்சைட் கட்ட உதவும் கருவிகளான ஜாங்கோ 1.0 (2008), ரெயில்ஸ் 3 (2010) இரண்டிலும் டெம்ப்ளேட், அதாவது பக்கத்தின் அச்சு, தானாகவே எஸ்கேப் செய்கிறது. வேண்டாம் என்றால் நாம்தான் எழுதிச் சொல்ல வேண்டும்.

ஃபார்மில் இல்லாத கட்டத்தை யாராவது சேர்த்து அனுப்பினால்? 2012-இல் நிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒருவர் அப்படித்தான் ரெயில்ஸ் குழுவின் கணக்கில், உள்ளே நுழையும் தன் டிஜிட்டல் சாவியைச் சேர்த்துக் காட்டினார். அடுத்த ஆண்டு வந்த ரெயில்ஸ் 4, எந்தக் கட்டங்களை ஏற்கலாம் என்று நம்மையே எழுதச் சொன்னது.

அளவுக் கட்டுப்பாட்டில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். நாம் மாற்றாவிட்டால் பிஎச்பி ஒரு தடவைக்கு 1000 கட்டங்கள்தான் எடுக்கும். வேண்டுமென்றே ஆயிரக்கணக்கில் அனுப்பி சர்வரைத் திணறடிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு வைத்த வரம்பு, அது நியாயம். ஆனால் கோயில் உபயப் பட்டியலில் 300 குடும்பம், ஆளுக்கு 4 கட்டம் என்று வையுங்கள். 1200 ஆகிவிடும். கடைசி 50 குடும்பம் காணாமல் போகும், பிஎச்பி தன் பதிவேடான லாக்கில் ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு மேலே போய்விடும். திருவிழா நேரத்தில் அதை யார் பார்ப்பார்கள்? ஜாங்கோவிலும் அதே 1000தான், ஆனால் தாண்டினால் மொத்தத்தையும் மறுத்துவிடும். இருப்பதில் அதுவே மேல்.

பிஎச்பியில் எழுதிய கருவியான லாரவெல் 5.4-இலிருந்து முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை வெட்டிவிடுகிறது, பாஸ்வேர்டைத் தவிர. வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டுகிறவர்களுக்கு அது நல்லது. காலிக் கட்டத்தை நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக்குவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நல் ஏற்காத நெடுவரிசை டேட்டாபேஸில் இருந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் ஐசி எண். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு அது 0-வில் தொடங்கும். எண்ணாக வாங்கினால் முன்னால் உள்ள 0 போய்விடும். எழுத்தாகவே வாங்குங்கள், யாரும் அதைக் கூட்டிப் பார்க்கப் போவதில்லை.