ஹில் டாப்பில் ஒரு மே மாதத்துப் பிற்பகல்

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியைப் படகில் கடந்து, தூறலில் நனைந்தபடி நியர் சாவ்ரி கிராமத்துக்கு நடந்து சேர்ந்தபோது, குழந்தைக் கதை எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரின் ஹில் டாப் வீட்டுக்குள் நுழைய எனக்குக் கொடுத்திருந்த நேரம் தாண்டியிருந்தது. சிறிய வீடு என்பதால் நேரம் குறித்துத்தான் சீட்டுத் தருகிறார்கள். அடுத்த முறை வரும்வரை தோட்டத்தில் நின்றேன், அதில் வருத்தமில்லை. முறம்போல் விரிந்த ருபார்ப் செடியின் இலைகளைப் பார்த்ததும், அவருடைய கதையில் ஜெமிமா என்ற வாத்து முட்டைகளை ஒளித்துவைத்த இடம் நினைவுக்கு வந்தது.

லண்டனில் 1866இல் பிறந்த பியாட்ரிக்ஸ் பாட்டர், நோயுற்றிருந்த ஒரு சிறுவனுக்கு 1893இல் எழுதிய படக் கடிதத்திலிருந்து பிறந்ததுதான் பீட்டர் முயலின் கதை. பதிப்பகங்கள் மறுத்ததால் 1901இல் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். புத்தகங்கள் தந்த வருவாயும் சிறிதளவு குடும்பச் சொத்தும் சேர்ந்து, 1905இல் இந்தப் பண்ணையை அவருக்கு வாங்கித் தந்தன. அவரை மணக்கவிருந்த நார்மன் வார்ன் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

உள்ளே போனதும் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுவிட்டேன். அவருடைய கதையொன்றில் எலிகள் ஓடும் ஓவியத்தில் வருவது இதே படிக்கட்டு. ஆனால் என்னை அதிகம் கவர்ந்தவை, முதல் நாள் ஆம்பிள்சைடில் உள்ள ஆர்மிட் அருங்காட்சியகத்தில் பார்த்த அவருடைய காளான் ஓவியங்களே. குடையின் அடியிலுள்ள மடிப்புகள் ஒவ்வொன்றையும், காம்பில் ஒட்டிய மண்ணையும் விடாமல் வரைந்திருக்கிறார். காளான் வித்துகள் முளைப்பது பற்றிய அவருடைய கட்டுரை 1897இல் இயற்கை அறிவியலாளர்களின் லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டபோது, பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. முயலுக்குச் சட்டை மாட்டினாலும் அதன் எலும்பும் தசையும் பிசகாமல் இருப்பதற்கு இந்தக் கண்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

1913இல் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்தபின் அவர் எழுதியது குறைந்தது. ஆடு வளர்ப்பு பெருகியது. அழியவிருந்த ஹெர்ட்விக் செம்மறி இனத்தைக் காத்து, 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பண்ணைகளோடு, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச்சென்றார். அவருடைய சாம்பலைத் தூவிய மேய்ப்பர் டாம் ஸ்டோரி, அந்த இடத்தை ஊராருக்குச் சொல்லவேயில்லை.

திரும்பும் வழியில் கல்சுவருக்கு அப்பால் வெண்முகமும் சாம்பல் உடலுமாக ஒரு ஹெர்ட்விக் தாயாடு நின்றது. அதன் மடியை முட்டிக்கொண்டிருந்த குட்டியோ கரிக்கட்டைபோல் கறுத்திருந்தது. வயது ஏற ஏற அதுவும் வெளுக்குமாம். படகுக்கு நேரமாகியும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.