மாதத்தில் ஆறு நாள், 100.5

குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டு, அதன் மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விரல்கள் விறைக்க ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து “இது கோடை பண்பலை” என்று சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சன்னல் கண்ணாடியில் பனி வழியும். நாங்கள் ஊருக்கெல்லாம் கோடையை அறிவித்துக்கொண்டிருப்போம்.

100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையத்தில் சில ஆண்டுகள் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தேன். குரல் தேர்வில் தேறினால் பட்டியலில் பெயர் ஏறும். அதன்பின் மாதத்துக்கு ஆறு பணிகள் வரை கிடைக்கும். மற்ற நாள்களில் வத்தலக்குண்டில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் பிள்ளைகளுக்கு விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். மேலே குரலால் பிழைப்பு, கீழே விரலால் பிழைப்பு.

எங்கள் தாத்தா வீட்டில் வானொலி என்றால் திருச்சிதான். சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. மறு ஆண்டு மே 16-இல் திருச்சி. மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். ஐப்பசி மழையில் மின்னல் வெட்டும்போதெல்லாம் செய்தி வாசிப்பவரும் சேர்ந்து வெட்டுப்படுவார். பண்பலைக்கு அந்தத் தொல்லை இல்லை. 1977 ஜூலை 23 அன்றே சென்னையில் பண்பலை ஒலிபரப்பு வந்துவிட்டது என்றாலும், அதைக் கேட்கக் கருவி வைத்திருந்தவர்கள் சொற்பம். அது எங்கள் பக்கத்து டீக்கடைகளுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது.

பண்பலைக்கு ஒரு குணம் உண்டு. மத்திய அலை தரையோடு தவழ்ந்து போகும்; பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், கண்ணுக்கு எட்டும் தூரத்தைவிடச் சற்றே அதிகம். அதனால்தான் நகரங்களில் வானளாவிய கோபுரம் கட்டுகிறார்கள். கொடைக்கானலில் அந்தச் செலவை மலையே ஏற்றுக்கொண்டது. சுமார் 2,100 மீட்டர் உயரம். 10 கிலோவாட் ஒலிபரப்பி. அந்த உயரத்துக்குக் கணக்குப் போட்டால் அலை ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வரை பார்வை வீசும். மதுரை, திண்டுக்கல், தேனி, கரூர், திருச்சி எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடக்கம். ஆனால் நிலையத்துக்கு நேர் கீழே, மலை மடிப்பில் ஒளிந்திருக்கும் சில ஊர்களில் கரகரப்புதான். விளக்கின் அடியில் இருட்டு என்பதை நான் அங்கேதான் காதால் கேட்டேன்.

உள்ளூர் நிலையம்தான், ஆனால் உள்ளூர் எது? அறிவிப்பவர் உட்கார்ந்திருப்பது ஏரிக்கரை ஊரில், கேட்பவரோ ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில், கரூர்த் தறியில். ஓர் ஊரின் சேதியைச் சொன்னால் ஒன்பது ஊர்க்காரர்களுக்கு அது வேண்டாத சேதி. எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சியது பாட்டு; அதிலும் வேலையைக் கெடுக்காத பாட்டு. கோடை பண்பலையின் சுவையை அந்த மலையின் உயரம்தான் தீர்மானித்தது என்று இப்போதும் நினைக்கிறேன். அலுவலகக் கோப்பில் வேறு காரணம் இருக்கலாம்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த அறிவிப்பாளர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு நான் நான்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு போவேன். நிலா, தென்றல், தாவணி எல்லாம் அதில் இருக்கும். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. “ஊருக்குப் போகும்போது வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நம் நிலையத்தைக் கேட்டுவிட்டுப் போ அம்மா” என்றார். போனேன். பழக்கடையில் ஒரு சின்ன ரேடியோ, கொய்யாக் கூடைக்கு நடுவே. “பெரியகுளம், தேனி, போடி” என்று நடத்துனர்கள் கூவ, பஸ்கள் ஹாரன் அடிக்க, என் சக அறிவிப்பாளர் அழகாக எழுதிப் படித்த முன்னுரையில் இரண்டு சொற்கள் மட்டும் என் காதுக்கு வந்தன. பிறகு பாட்டின் தொடக்கத்துப் புல்லாங்குழல் வந்தது. அது மட்டும் அத்தனை இரைச்சலையும் தாண்டி முழுசாக வந்தது. பழக்காரர் கத்தியை நிறுத்தி, பாதி வெட்டிய பப்பாளியைக் கையில் வைத்தபடியே நின்றார்.

அடுத்த பணிக்கு நான் எழுதிக்கொண்டு போனது படம், பாடியவர், இசையமைத்தவர். அவ்வளவுதான். அந்த மூன்றையும் பாட்டின் முன்னிசை மீது பேசலாமா என்பது தனி வழக்கு. இளையராஜா பாட்டென்றால் கூடவே கூடாது. ஒருமுறை பேசிவிட்டேன், 50 காசு அஞ்சலட்டையில் ஒரு நேயர், “தாங்கள் பேசிய இடத்தில் ஒரு வயலின் இருந்தது” என்று மட்டும் எழுதியிருந்தார்.

நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. அது முழுக்க என்னுடையது. ஒரு விடியற்காலைப் பணியில், ஐந்து நிமிடப் பாட்டு ஓடுகிறதே என்று குறுந்தட்டை ஓடவிட்டு டீ குடிக்க எழுந்து போனேன். முந்தின நாளே தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துத் துடைத்து வைத்திருக்க வேண்டும், செய்யவில்லை. தட்டில் கீறல். திரும்பி வரும்போது பாடகி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். அதற்குள் தொலைபேசி அடித்தது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கும் பெண். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, அதன் காதுக் கம்பியையே ஆன்டெனாவாக்கி இருட்டில் பூப்பறிப்பவர்கள் அவர்கள். மொட்டு விரிவதற்குள் பறித்துச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும்.

“ஏம்மா, அந்தப் பாட்டுக்கார அம்மா ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். கொஞ்சம் கைகொடுத்துத் தூக்கிவிடுங்கள்” என்றார்.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கி, அடுத்த தட்டை ஏற்றி, மன்னிப்புக் கேட்டேன். பதிவேட்டில் என் கையாலேயே தவறை எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்தைவிட அந்தப் பெண் திட்டாமல் விட்டதுதான் நெடுநாள் உறுத்தியது.

2005-இல் தனியார் பண்பலைக்கான இரண்டாம் கட்ட உரிமங்கள் அறிவிக்கப்பட்டு, அதன்பின் மதுரையிலும் அவை வந்தன. கடகடவென்ற பேச்சு, போட்டி, பரிசு. நன்றாகத்தான் செய்தார்கள்; நானே கேட்டிருக்கிறேன். எங்களில் சிலருக்கு, நாமும் அப்படிப் பேசிப் பார்த்தால் என்ன என்று ஆசை வந்தது. ஒரு வாரம் நான் பேசினேன். “என்னம்மா அவசரம், கடைசி பஸ் போய்விடுமா?” என்று தொலைபேசியில் ஒரு பெரியவர் கேட்டார். அத்தோடு விட்டேன்.

பிறகு செயலி வந்தது. வளைகுடாவிலிருந்தும் கேட்கிறார்கள் என்பது மகிழ்ச்சிதான். ஆனால் செயலியில் ஒலி சில நொடிகள் பிந்தி வரும். வானொலியை அணைத்துவிட்டுப் பேசுங்கள் என்று சொன்னால் கேட்கும் நேயர், செயலியை மட்டும் மறந்துவிடுவார். தன் குரலே தாமதமாகத் திரும்பி வரவும், யாரோ குறுக்கே பேசுவதாக எண்ணி, “நீங்கள் முதலில் பேசுங்கள்” என்று தனக்கே வழிவிட்டவர்கள் உண்டு.

நான் மேலே போவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. போன பங்குனியில் ஒரு திருமணத்துக்காகக் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர் தலைக்கு மேல் 100.5. ஒரு பழைய ஜோடிப்பாட்டு. மலைப்பாதையில் ஒரு வளைவு வருவதற்குச் சற்று முன்பே அவர் கையை உயர்த்தி ஒலியைக் குறைத்தார். ஏன் என்று எனக்கு உடனே புரியவில்லை. மலை மறைத்தது, மெல்லிய கரகரப்பு மட்டும் கேட்டது. வளைவு முடிந்ததும் மெதுவாகக் கூட்டினார். அதற்குள் இரண்டாவது சரணம் வந்துவிட்டிருந்தது.